‘சரிங்க’ என்பதற்கு இங்கிலீஷில் ஓகே

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பனியன் ஏற்றுமதி கம்பெனியிலிருந்து போன வாரம் திவ்யா என்றொரு பெண் பேசினாள். மனிதவளப் பிரிவில் இருக்கிறாளாம். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பயிற்சிக் கையேடு ஒன்று போடுகிறார்களாம். இன்டர்நெட், ஆன்லைன் வியாபாரம் இரண்டுக்கும் அவசியமான சொற்களை எளிய தமிழில் விளக்கி நாலு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். “நம்ம கம்பெனியோட முதல் மெயிலை அனுப்புனது நீங்கதானுங்களே மேடம். நீங்க எழுதுனாத்தான் நல்லாருக்குமுங்க” என்றாள். மாதிரிக்கு ஒரு பட்டியலையும் வாட்ஸப்பில் அனுப்பி வைத்தாள்.

படித்ததும் எரிச்சல்தான் வந்தது. மெயில்: நொடியில் செய்தி அனுப்பும் வசதி. அட்டாச்மென்ட்: மெயிலோடு சேர்த்து அனுப்பும் கோப்பு. சிசி: நகல் பெறுபவர். சர்வர், பாஸ்வேர்ட், ஸ்பாம், டொமைன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வரி. யாரும் யார்மீதும் பழி போடாத ஒரு ஊரில் உட்கார்ந்து எழுதியது போல இருந்தது. எனக்குத் தோன்றியபடி எழுதலாமா என்று கேட்டு அனுப்பினேன். பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அதற்கு வேறு பொருள் ஏதாவது இருந்தால் திவ்யா முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்தவள் நான். வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். வேலம்பாளையத்தில் வாடகை வீடு. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணியிருந்ததால் கொஞ்ச காலம் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக் கொடுத்தேன். பிறகு நெருப்பெரிச்சல் என்ற பகுதியில் இருந்த இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். டெலெக்ஸ் போய் ஃபேக்ஸ் வந்தது, ஃபேக்ஸுக்குப் பின்னால் மெயில் வந்தது. மூன்றையும் நானாகத்தான் தட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நான் உண்மையிலேயே கஷ்டப்பட்டுக் கற்றது ஒரு தமிழ்ச் சொல்லை.

வந்த புதிதில் குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று வீட்டுச் சொந்தக்கார அம்மாவிடம் சொன்னேன். “சரிங்க கண்ணு” என்றார். எங்கள் ஊரில் சரி என்றால் செய்கிறேன் என்று பொருள். ஆள் வரும் வரும் என்று காத்திருந்தேன். வாளி நிறைந்து நிறைந்து வழிந்ததுதான் மிச்சம். திரும்பப் போய்க் கேட்டபோது அந்த அம்மா வருத்தப்பட்டார். “அன்னைக்கே சரின்னு சொன்னனுங்களே” என்றார். நான் சொன்னதை மரியாதையாகக் காதில் வாங்கிக்கொண்டதைத்தான் அவர் சரிங்க என்று சொல்லியிருக்கிறார். குழாயைச் சரிசெய்வது வேறு விஷயம். செய்வதாக இருந்தால் ‘செஞ்சுடறனுங்க’ என்று வரும். முடியாது என்றால் ‘பாக்கலாமுங்க’. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க எனக்கு வருஷக்கணக்கானது.

இந்த மரியாதை முழுவதும் உருண்டு திரண்டு வந்தவர்தான் எங்கள் முதலாளி. நாச்சிமுத்து என்று பெயர். சாயப்பட்டறை ஆளிலிருந்து டீ கொண்டு வருபவர் வரைக்கும் எல்லோரையும் ‘ங்க’ போட்டுத்தான் கூப்பிடுவார். இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்த்ததால் என்னை டீச்சரம்மா என்பார். ஒருவரிடமும் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஒரே ஒரு நாளைத் தவிர குரலை உயர்த்தியும் பார்த்ததில்லை. அதனால் அவர் ரொம்ப நல்லவர் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு வந்த அந்த முதல் சில வருஷங்களில் கம்பெனிக்கே ஒரு மெயில் முகவரிதான். ஒரு கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன் லைன். இன்டர்நெட்டைப் போட்டால் போன் வேலை செய்யாது. போன் வேண்டுமென்றால் மாடியிலிருந்து யாராவது, “டீச்சரம்மா, நெட்டைக் கட் பண்ணுங்க” என்று கத்துவார்கள். பையர், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, அனுப்பும் பிரிண்ட் டிசைன் பாதி இறங்கியிருக்கும்போது இது நடக்கும். மறுபடி முதலிலிருந்து இறக்க வேண்டும். அட்டாச்மென்ட் என்றால் என்ன என்று கேட்டால் எனக்கு இந்தக் கத்தல்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ‘நொடியில்’ என்று எழுதியவரைக் கொண்டுவந்து அந்த நாற்காலியில் ஒரு நாள் உட்கார வைக்க வேண்டும்.

காலையில் வந்ததும் மெயிலையெல்லாம் இறக்கி, பிரிண்ட் எடுத்து, ஒரு அட்டையில் செருகி முதலாளியின் மேசையில் வைப்பேன். அவர் ஸ்கிரீனைப் பார்க்க மாட்டார். சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு வந்து, பச்சைப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்காருவார். நான் ஒவ்வொரு மெயிலையும் தமிழில் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டுப் பதிலைத் தமிழில் சொல்வார். நான் இங்கிலீஷில் டைப் செய்து, அதையும் பிரிண்ட் எடுத்து அவருக்கு முன்னால் வைக்க வேண்டும். பச்சை டிக் விழுந்தால்தான் மெயில் வெளியே போகும். டிக் இல்லாமல் ஒரு வரி போகக்கூடாது. அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது.

வந்த மெயில் எதுவானாலும் பதில் போட்டாக வேண்டும் என்பது அவருடைய கொள்கை. எங்கோ வெளிநாட்டில் இறந்துபோன ஒருவரின் சொத்து உங்களுக்கு வரப்போகிறது என்று ஒரு மெயில் வந்தது. ஏமாற்று வேலை, விட்டுவிடலாம் என்றேன்.

“ஒரு மனுசன் மெனக்கெட்டு எழுதியிருக்காருங்க. பதில் போடாம இருந்தா நல்லாருக்குமுங்களா?”

“என்னன்னு போட?”

“சரிங்கன்னு போட்டு உடுங்க.”

போட்டேன். அதற்குப் பிறகு அந்த மாதிரி மெயில்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. ஸ்பாம் என்பதற்குத் திவ்யாவின் பட்டியலில் ‘தேவையற்ற மெயில்’ என்று இருக்கிறது. எங்கள் கம்பெனியில் அது முதலாளியின் மரியாதையால் வளர்ந்தது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். ஐரோப்பாவிலிருந்து ஒரு பையர். குழந்தைகளுக்கான டீஷர்ட், நெஞ்சில் முட்டையிலிருந்து எட்டிப் பார்க்கும் கோழிக்குஞ்சு படம். ஈஸ்டர் பண்டிகைக்குக் கடைகளில் தொங்க வேண்டிய சரக்கு. பண்டிகை முடிந்துவிட்டால் அந்தக் கோழிக்குஞ்சை யாரும் சீண்ட மாட்டார்கள். துணி சாயத்துக்குப் போயிருந்த சமயத்தில் பையரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. இந்த வருஷம் ஈஸ்டர் சீக்கிரமே வருகிறது, கவனிக்காமல் பழைய தேதி கொடுத்துவிட்டோம், சரக்கை மூன்று வாரம் முன்னதாகக் கப்பலில் ஏற்ற வேண்டும், கன்ஃபர்ம் பண்ணவும். இதைத் தமிழில் சொன்னேன்.

“பண்டிகை தேதி மாறுமுங்களா?”

“மாறும் முதலாளி. நிலாவைப் பாத்துத்தான் வரும், ஒங்க தைப்பூசம் மாதிரி.”

“பாவம், அவங்களுக்கு என்ன செரமமோ. சரிங்கன்னு போடுங்க.”

நான் உடனே எழுந்திருக்கவில்லை. “சரின்னு போட்டா ஒத்துக்கிட்டதா ஆயிரும்லா முதலாளி? சாயப்பட்டறையில ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடலாமே” என்றேன்.

அவர் சிரித்தார். “அட, சரிங்கன்னா கேட்டுக்கிட்டோம்னு அர்த்தமுங்க. இத்தன வருசமா இந்த ஊர்ல இருக்கறீங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா? தேதியெல்லாம் அப்பறம் பேசிக்கலாம். சரிங்கங்கறதுக்கு இங்கிலீஷ்ல என்னங்க?”

“ஓகே.”

“அதையே போடுங்க.”

டைப் செய்தேன். பிரிண்ட் எடுத்து வைத்தேன். பச்சை டிக் போட்டார். மெயில் போயிற்று.

அப்புறம் அந்தத் தேதியைப் பற்றி யாரும் பேசவில்லை. துணி பழைய தேதிக்குத்தான் சாயத்திலிருந்து வந்தது, தையலும் பழைய கணக்கிலேயே நடந்தது. நான் இரண்டு தரம் ஞாபகப்படுத்தினேன். இரண்டு தரமும் ‘சரிங்க டீச்சரம்மா’ என்றார். பையர் சொன்ன தேதி நெருங்கியபோது, பையருக்காக இங்கே சரக்கை மேற்பார்க்கும் பெங்களூர் பையிங் ஹவுஸிலிருந்து போன் வந்தது. கன்ஃபர்ம் பண்ணிவிட்டு ஒரு பெட்டிகூட ரெடியில்லை என்றால் என்ன அர்த்தம், ஆர்டர் மொத்தமும் ரத்து ஆகும் என்றார்கள். பையரின் லேபிள் தைத்த கோழிக்குஞ்சு டீஷர்ட்டை வேறு எவரிடமும் விற்க முடியாது.

அன்றைக்கு முதலாளியின் அறையில் அவருடைய மாப்பிள்ளையும் இருந்தார். கோயமுத்தூரில் எம்பிஏ படித்துவிட்டு வியாபாரத்தில் சேர்ந்திருந்தவர். அந்த மெயிலைக் கையில் பிடித்துக்கொண்டு, “ஓகேன்னு போட்டது யாருங்க மாமா?” என்று கேட்டார்.

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். “டீச்சரம்மாதானுங்க போட்டாங்க” என்றார்.

பச்சை டிக் இருந்த பிரிண்ட் என் ஃபைலில் இருந்தது. அதை எடுத்துக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் என் முன்னாலேயே ‘ங்க’ போட்டுப் பேசிக்கொண்டு, அந்த மரியாதை ஒரு துளியும் குறையாமல், பழியை என் மேல் இறக்கி வைத்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கத்தித் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மாப்பிள்ளை வழி கண்டுபிடித்தார். கிளரிக்கல் எரர் என்று ஒரு மெயில் போட்டால் பையர் இறங்கி வருவார்களாம். முதலாளி எனக்கு டிக்டேட் செய்தார். எங்கள் டைப்பிஸ்ட் ஜெயராணி என்பவர் எங்களைக் கேட்காமல் தவறுதலாக ஓகே அனுப்பிவிட்டார், அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டோம், ஆகவே சரக்கைப் பழைய தேதிக்கே எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம். ஜெயராணி நான்தான். அதை டைப் அடிக்க வேண்டியவளும் நான்தான். மாப்பிள்ளையை விட்டால் அந்த ஆபீஸில் இங்கிலீஷில் கடிதம் அடிக்க வேறு ஆள் கிடையாது.

“என்னை நிறுத்துதீங்களா முதலாளி?”

“அட, இல்லீங்க டீச்சரம்மா. நீங்க எங்கீங்க போகப் போறீங்க? இங்கயேதான் இருப்பீங்க. இது சும்மா மெயிலுக்குத்தானுங்க.”

சும்மா மெயிலுக்கு. அந்த மெயிலுக்கு சிசி யார் யார் என்று எனக்குத் தெரியும். பையர், பையரின் தர ஆய்வு ஆட்கள், பெங்களூர் பையிங் ஹவுஸ், அவர்களுடைய திருப்பூர் கிளை. அந்தக் கிளையில் இருக்கும் பிள்ளைகள் நாளைக்கு வேறு கம்பெனிக்குப் போவார்கள், போகும் இடத்துக்கெல்லாம் என் பெயரையும் கொண்டுபோவார்கள். இந்த ஊர் பனியன் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஊரின் ஒரு கோடியில், மண்ணரையில் சொன்னது மறுநாள் வேலம்பாளையத்தில் கேட்கும். முதலாளியின் மனசு மாறி ஒரு நாள் நிஜமாகவே என்னை நிறுத்தினால், கேட்காமல் மெயில் அனுப்பியவள் என்று பெயரெடுத்தவளை யார் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார வைப்பார்கள்? நான் சேர்த்து வைத்திருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். என் முகத்துக்கு நேரே ஒரு கடுஞ்சொல் சொல்லக் கூச்சப்படுகிற மனிதருக்கு, அதையே மெயிலில் நாலு ஊருக்கு அனுப்பக் கூச்சமில்லை. மெயில் என்பது யாரும் யாரிடமும் சொல்லாத பேச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

“அடிச்சுட்டு வாங்க, டிக் போட்டுத் தர்றேன். சரிங்களா?” என்றார்.

நான் அவரை ஒரு தரம் பார்த்தேன். “சரிங்க” என்றேன்.

அந்த ஊருக்கு வந்து அத்தனை வருஷத்தில் நான் ‘சரிங்க’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு எப்போதும் ‘சரி முதலாளி’தான் வரும். அவர் கவனிக்கவில்லை.

சீட்டுக்கு வந்து உட்கார்ந்து வேறு மெயில் டைப் அடித்தேன். உங்கள் மெயிலைப் படித்தோம் என்பதைத் தெரிவிக்கத்தான் ஓகே என்று எழுதினோம். எங்கள் ஊர்ப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் பொருள். புதிய தேதிக்கு முடியுமா என்று உற்பத்திப் பிரிவைக் கேட்டுவிட்டு எழுதியிருக்க வேண்டும், கேட்காமல் விட்டது கம்பெனியின் தவறு. எந்தத் தேதிக்கு எவ்வளவு தர முடியும் என்று கீழே எழுதியிருக்கிறோம். இதை ஏற்றுக்கொள்ள முடியுமா? பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்து, வழக்கம்போலத் தமிழில் சொன்னேன்.

மாப்பிள்ளையின் முகம் சிவந்துவிட்டது. முதலாளி பேனாவை மூடினார்.

“நான் சொன்னது இது இல்லீங்களே டீச்சரம்மா.”

“இல்ல முதலாளி.”

“அப்பறம் சரிங்கன்னு சொன்னீங்க?”

“சரிங்கன்னா கேட்டுக்கிட்டேன்னு அர்த்தம். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?”

நான் விடவில்லை. “எம் பேரைப் போட்டு அனுப்பணும்னா வேற யாராவது அடிச்சு அனுப்பிக்கிடுங்க. பாஸ்வேர்ட் தாரேன். என் கையால என் பேரைக் கெடுக்க மாட்டேன்” என்றேன். மாப்பிள்ளை, “நானே அடிக்கறேனுங்க மாமா” என்று எழுந்தார்.

“இருங்க மாப்ள” என்றார் முதலாளி. என் பிரிண்டைத் திரும்ப எடுத்தார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவைத் திறந்து டிக் போட்டார். அனுப்பினேன்.

மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது. பிரிண்ட் எடுத்தேன். ஒரு பக்கத் தாளில் ஒரே ஒரு சொல். ஓகே.

மூன்று பேரும் அந்தத் தாளைச் சுற்றி நின்றோம். மாப்பிள்ளை, ஒத்துக்கொண்டார்கள் என்றார். முதலாளி தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். “ஏனுங்க, இது எந்த ஓகேங்க?”

“போன் போட்டுக் கேப்போம். நெட்டைக் கட் பண்ணிட்டேன்” என்றேன். அங்கே ஆபீஸ் திறக்கும் நேரம் பார்த்து ஸ்பீக்கரில் போட்டோம். எங்களுக்கு அந்த மெயிலைப் போட்ட பையர் ஆபீஸ் பெண்மணி இனிமையாகப் பேசினார். உங்கள் மெயிலைப் படித்துவிட்டேன் என்பதற்காக ஓகே போட்டேன், ஒத்துக்கொண்டதாக அர்த்தமில்லை, எங்கள் குடோனில் கேட்டுவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றார். முதலாளிக்குத் தமிழில் சொன்னேன்.

“அப்ப நாம போட்டதும் அதே ஓகேதானுங்களே?”

அதை இங்கிலீஷில் கேட்டேன். அந்தப் பெண்மணி சொன்னார்: உங்கள் ஓகே எங்கள் சிஸ்டத்தில் கன்ஃபர்மேஷன் என்று ஏறிவிட்டது, அதை இனி மாற்ற முடியாது.

போனை வைத்ததும் முதலாளி மேசையில் ஓங்கி அடித்தார். அவர் குரல் உயர்ந்து அன்றைக்குத்தான் கேட்டேன். “அவங்க போட்டா படிச்சேன்னு அர்த்தம், நாம போட்டா ஒத்துக்கிட்டோம்னு அர்த்தமா? இதென்னங்க டீச்சரம்மா நியாயம்?”

நியாயம் என்ன என்று அவர் கேட்டது என்னிடம். முந்தின நாள் தன்னுடைய ‘சரிங்க’வை எடுத்து என் தலையில் வைத்தவர், அதே மேசையில் உட்கார்ந்துகொண்டு, என்னிடமே. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் என்னை ஏறிட்டுப் பார்க்காமல் ஊதுபத்தியை மறுபடி பற்றவைக்கப் போனார். மன்னிப்பு என்ற சொல் அன்றைக்கும் வரவில்லை, அதற்குப் பின்பும் வரவில்லை.

சில நாள் கழித்துப் பையர் பாதிச் சரக்கைக் கப்பலிலும் மீதியை விமானத்திலும் அனுப்பச் சொன்னார்கள். விமானச் செலவு எங்கள் தலையில். நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்தக் கம்பெனியில்தான் இருந்தேன், என் பெயரை யாரும் எந்த மெயிலிலும் அப்படி எழுதவில்லை. முதலாளி மட்டும் அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும், “இது ஒத்துக்கிட்ட சரிங்க” என்றோ “இது கேட்டுக்கிட்ட சரிங்க” என்றோ பிரித்துச் சொல்லிவிட்டுத்தான் டிக் போட்டார். ஸ்பாமுக்கும் அப்படித்தான்.

திவ்யாவின் பட்டியலை மறுபடியும் மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். மெயில் இருக்கிறது, சிசி இருக்கிறது, சர்வர் இருக்கிறது. ஓகே இல்லை. அது எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே என்று விட்டுவிட்டார்கள். பிள்ளைகள் ஒரு நாளைக்கு நூறு தரம் தட்டுகிற சொல் அதுதான். கடைசியில் நானே சேர்த்திருக்கிறேன். இதை வெட்டாமல் போடு, திவ்யா. போடுவதாக இருந்தால் கட்டைவிரல் அனுப்பாதே, போன் பண்ணிச் சொல்லு.

ஓகே: இதன் பொருளை, அனுப்பியவர் பெரியவரா நீங்கள் பெரியவரா என்று பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும்.